ஒரு நிமிடம் ஐம்பது நொடி

விடிவதற்கு முன்பே குளிர் அறைக் கதவைத் திறந்துவிட வேண்டும். திறந்ததும் வெள்ளைப் புகை முகத்தில் அடிக்கும். பால் பெட்டிகளை இரண்டிரண்டாகத் தூக்கி வந்து அடுக்குவதற்குள் விரல் நுனிகள் மரத்துப் போகும். பிறகு அட்டைப் பெட்டிகளைப் பிரிக்கும்போது விளிம்பு கிழித்தாலும் தெரியாது. பழத்தட்டில் ரத்தம் படிந்த பிறகுதான் தெரியும். நகரம் எழுந்து பல் துலக்குவதற்குள் முப்பத்திரண்டு பெண்கள் பதினெட்டு வரிசை ரேக்குகளையும் நிரப்பி முடித்திருப்பார்கள். ஆறு மணிக்கு முதல் ஆர்டர் வரும். இடுப்பில் கட்டிய கருவி கீச்சென்று கத்தும். அதன் பிறகு ஓட்டம்தான்.

அந்த ஓட்டத்தில் முதலிடம் மின்னலுக்கு, இரண்டாமிடம் அண்ணிக்கு. எட்டு மாதமாக இதில் மாற்றமில்லை.

அண்ணி என்பது அவளுடைய பெயரல்ல. மின்னல் அவள் கணவனின் தங்கை. அவள் வாய்க்கு வாய் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதைக் கேட்டு குடோன் முழுவதும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. இத்தனைக்கும் முதலில் வேலைக்குச் சேர்ந்தவள் அண்ணிதான். நாத்தனாரைக் கையோடு அழைத்து வந்து சேர்த்துவிட்டவளும் அவள்தான். வந்த மூன்றாவது மாதமே அந்தப் பெண் சுவர்த் திரையில் எல்லாருக்கும் மேலே போய் உட்கார்ந்துகொண்டாள். யார் வேகம், யார் மந்தம் என்று நாள் முழுக்க வரிசைப்படுத்திக் காட்டும் அந்தத் திரையை ஊக்கத்துக்காக மாட்டியதாக முதலாளி சொன்னார். முப்பத்திரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தால் அவரை முறைக்க யாருக்கு நேரமிருக்கும்? அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

வினை புது ஆப்பின் உருவத்தில் வந்தது. நேரமே இல்லாத பெரிய உத்தியோகக்காரர்களுக்கான ஆப். அவர்கள் லிஃப்டில் ஏறும்போது தொட்டால் இறங்கும்போது பை கட்டித் தயாராக இருக்க வேண்டும். அதை வடிவமைக்கிற பெண் ஒரு வாரம் குடோனுக்கே வந்து, கவிழ்த்துப் போட்ட பால் கூடையில் உட்கார்ந்து, போன் அளவுக்கு வெட்டிய காகிதங்களில் திரை திரையாக வரைந்தாள். எங்கே தொட்டால் எது வரும், எதற்குப் பக்கத்தில் எது இருக்க வேண்டும் என்று பென்சிலால் போட்டுப் போட்டு அழித்தாள். நல்ல பெண்தான். முதலாளியின் அலுவலகத்திலிருந்து வந்து இவர்களை "வாங்க, போங்க" என்று பேசிய முதல் ஆள் அவள்.

"உங்கள்ல யாருங்க ரொம்ப வேகம்?" என்று கேட்டாள். அத்தனை விரலும் மின்னலைக் காட்டின.

அவ்வளவுதான். அந்த வாரம் பாதி நேரம் மின்னல் அந்தக் கூடைக்குப் பக்கத்திலேயே இருந்தாள். "கனமான சாமானைக் கீழ் ரேக்குக்கு மாத்துங்க." "முட்டையைக் கடைசியா காட்டுங்க. முதல்லயே காட்டினா அது மேல மாவுப் பை விழும்." சொன்னதையெல்லாம் அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். ஆப்பின் முதல் பக்கத்தில் போட மின்னலைப் படம்கூட எடுத்தார்கள். பன்னிரண்டாம் வரிசையில் சோப்பு அடுக்கிக்கொண்டே அண்ணி அதைப் பார்த்தாள். முட்டை விஷயத்தை மின்னலுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்!

வீட்டிலாவது நிம்மதி உண்டா? "என் தங்கச்சி சொல்லித்தான் ஆப்பே செய்யறாங்களாம்" என்று கணவன் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி பீற்றிக்கொண்டான். அண்ணி தேய்த்த தேய்ப்பில் பாத்திரத்தில் ஓட்டை விழாதது அதிசயம். அவளுக்கு வயிறு எரிந்தது. எரிவது அவளுக்கே தெரிந்தது, வெட்கமாகவும் இருந்தது, ஆனாலும் எரிந்தது.

வாரக் கடைசியில் சோதனை. ஆளுக்கொரு பட்டியல், பட்டியலுக்குப் பன்னிரண்டு பொருள். கருவி கத்தியதிலிருந்து பையை ஒட்டும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, அதை வைத்துத்தான் ஆப்பில் ஓடும் கடிகாரத்தை அமைக்கப்போகிறார்கள். முதல் நாள் மாலை பெருக்கும்போது அண்ணி தன் பட்டியலைப் பார்த்துவிட்டாள். வடிவமைப்புப் பெண்ணின் பென்சில் பெட்டிக்கடியில் இருந்த சீட்டுகளில் இவளுடையதுதான் மேலாக இருந்தது. மறுநாள் விடியற்காலை எல்லாரும் ரேக்குகளை நிரப்பிக்கொண்டிருந்தபோது, தூரத்து வரிசைகளில் இருந்த ஒன்பது பொருளை எடுத்து வந்து, பை கட்டும் மேசைக்கடியில் காலி அட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

மற்றவர்களுக்கு மூன்றரை நிமிடம், நான்கு ஆனது. மின்னல் மூன்று நிமிடம் பத்து நொடியில் முடித்தாள். அண்ணி பேருக்கு இரண்டு வரிசை ஓடிவிட்டு, குனிந்து நிமிர்ந்து, ஒரு நிமிடம் ஐம்பது நொடியில் பையை ஒட்டி வைத்தாள்.

கைதட்டலில் குடோன் அதிர்ந்தது. மின்னல் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். கட்டிப்பிடிப்பதற்கு முன் அவள் முகம் ஒரு கணம் வாடியதை அண்ணி பார்த்துவிட்டாள். அந்த ஒரு கணம் அவளுக்கு எவ்வளவு இனித்தது என்பதை அவளால் யாரிடமும் சொல்ல முடியாது.

இனிப்பு ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஆப் வெளியானபோது கடிகாரம் இரண்டு நிமிடத்துக்கு ஓடியது. அதுவரை பச்சை, தாண்டினால் சிவப்பு. சிவப்பானால் வாடிக்கையாளருக்குச் சலுகை, பை கட்டியவளுக்கு அன்றைய கூலியில் வெட்டு. முப்பத்திரண்டு பேருக்கும் சிவப்பு விழுந்தது. அண்ணிக்கும் விழுந்தது. கழிப்பறைக்குப் போக வேண்டிவருமே என்று தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். மேல் ரேக்குக்கு ஏறும் ஏணியின் சக்கரத்தைக் குனிந்து பூட்ட ஆகும் சில நொடிகளை மிச்சம் பிடிக்க, பூட்டாமலே ஏறினார்கள். கடிகாரம் தப்பு என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. ஒருத்தியால் முடிந்தது தன்னால் முடியவில்லையே என்று ஒவ்வொருத்தியும் தன்னையே நொந்துகொண்டாள்.

மூன்றாவது வாரம் ஏணி உருண்டது.

சத்தம் கேட்டு அண்ணி ஓடினாள். குளிர் அறை வாசலில் மின்னல் கிடந்தாள். வலது மணிக்கட்டு திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. இடுப்புக் கருவி சிவப்பு, சிவப்பு என்று கத்திக்கொண்டிருந்தது. அண்ணி அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவள் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

"அண்ணி, அன்னைக்கு எந்த வழியா போனீங்க?" வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே மின்னல் கேட்டாள். "மூணு வாரமா ஒவ்வொரு வழியா போய்ப் பார்க்கறேன், வரவே மாட்டேங்குது. கேக்கறதுக்கு மனசு வரல. உங்க மேல அவ்வளவு பொறாமையா இருந்துச்சு."

அண்ணி வாயைத் திறந்தாள். ஆட்கள் வந்து மின்னலைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை கட்டுப்போட்ட கையுடன் மின்னலை முதலாளி வரச்சொல்லியிருந்தார். எல்லாரும் கூடி நிற்க, மேசை மேல் ஒரு தாளை வைத்தார்.

"ஏணியைப் பூட்டாதது என் கவனக்குறைவுதான்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டுட்டுப் போ. கை சரியானதும் வா, வேலை இருந்தா பார்க்கலாம்."

"வலது கைதானே சார் உடைஞ்சிருக்கு?"

"இடது கட்டைவிரல் நல்லாத்தானே இருக்கு?"

கூட்டத்தில் நின்ற பால் வரிசைக்காரிக்குப் பொறுக்கவில்லை. "பூட்டிட்டு ஏறினா நேரம் பத்தலையே சார்."

"பத்தலையா? இதே குடோன், இதே ஏணி." முதலாளி அண்ணியைக் காட்டினார். "இவங்க ஒரு நிமிஷம் அம்பதுல முடிக்கலையா? நான் அதுக்கு மேல பத்து நொடி சேர்த்துத்தானே கொடுத்திருக்கேன்?"

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். மின்னலும் பார்த்தாள். சொன்னால் வேலை போகும், வீட்டில் முகம் கொடுக்க முடியாது. சொல்லாவிட்டால் அந்தக் கட்டைவிரல் மையில் இறங்கும்.

"அது பொய் சார்," என்றாள் அண்ணி. "பட்டியலை முந்தின நாளே பார்த்துட்டேன். ஒன்பது சாமானை மேசைக்கடியில ஒளிச்சு வச்சேன். இவளை ஜெயிக்கணும்னு செஞ்சேன். யாராலயும் முடியாது அது. என்னாலயும் முடியாது."

"அடிப்பாவி!" என்றாள் பால் வரிசைக்காரி. "உன்னால என் மகளுக்கு மருந்து வாங்கறதுக்கு வழியில்லாம நின்னேன்டி!" அண்ணி தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

முதலாளி சிரித்தார். "பார்த்தீங்களா? உங்க எதிரி உங்களுக்குள்ளேயே இருக்கா. மோசடி பண்ணினதுக்கு இவளை இப்பவே அனுப்பறேன். போதுமா?"

ஆப்பில் ஏதோ திருத்த வந்திருந்த வடிவமைப்புப் பெண் பின்னாலிருந்து பேசினாள். "முப்பத்திரண்டு பேர் நேரமும் கொடுத்தேன் சார். நாலு நிமிஷம் வைக்கணும்னும் எழுதினேன். நீங்கதான் அடிச்சிட்டு இரண்டுன்னு போட்டீங்க."

அண்ணி நிமிர்ந்தாள். "பொய் சொன்னது நான்தான் சார். இல்லைங்கல. ஆனா முப்பத்தொரு உண்மையை விட்டுட்டு அந்த ஒரு பொய்யைப் பொறுக்கி எடுத்தது நீங்க."

பால் வரிசைக்காரியின் கோபம் ஆறவில்லை. ஆனால் அது திரும்பிய திசை வேறு. "நாலு நிமிஷம் வைங்க சார்," என்றாள். "கை கூடுற வரைக்கும் இந்தப் பொண்ணுக்குக் கூலி கொடுங்க. அதுவரைக்கும் நாங்க நடந்துதான் எடுப்போம்."

"வெளியில வேலை கேட்டு ஐம்பது பேர் நிக்கறாங்க, தெரியுமா?"

"அவங்களையும் நடக்கச் சொல்லுவோம்."

ஆறு மணி. முப்பத்தோரு இடுப்பிலும் கருவிகள் கத்தத் தொடங்கின. யாரும் ஓடவில்லை. ஏணிச் சக்கரங்களைக் குனிந்து பூட்டும் சத்தம் ஒவ்வொரு வரிசையிலிருந்தும் வந்தது. இரண்டு பேர் மட்டும் பயந்துபோய் ஓட எட்டுவைத்து, மற்றவர்களைப் பார்த்து நின்றார்கள், பிறகு நடந்தார்கள். முதலாளி போனில் யாரையோ வரச்சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். என்ன ஆகுமென்று ஒருத்திக்கும் தெரியாது.

அண்ணி மட்டும் நகராமல் நின்றாள். தான் அவர்களோடு நடக்கலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. மின்னல் அந்தத் தாளை இடது கையால் மேசையிலிருந்து தள்ளிவிட்டு அவள் முன்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"வீட்டுக்கு வாங்க, உங்களைப் பேசிக்கறேன். ஒரு வருஷத்துக்குப் பேசுவேன்." நல்ல கையால் அண்ணியின் முழங்கையைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள். "இப்ப நடங்க அண்ணி. உங்க வரிசை காலியா இருக்கு."