மூவாயிரத்தில் ஒரு பொத்தான்

இன்னும் இரண்டு பேர் போனால் இவர்கள் முறை. அந்த நேரத்தில், ஒன்பது மாத மகளைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசி அறையை விட்டு விடுவிடுவென வெளியேறிவிட்டார் அவர்.

பொத்தான் தொழிற்சாலையில் சரக்கைச் சோதிப்பது அவர் வேலை. மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளுவார். அதில் ஒன்றே ஒன்றில் கீறல் இருந்தாலும் மொத்த மூட்டையும் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு 'திருப்பி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

அதே வழக்கத்தை ஊசியிடமும் காட்டினார். தட்டம்மை ஊசி போட்டால் வலிப்பு வருமா என்று நர்ஸிடம் கேட்டார். நர்ஸ் மறைக்கவில்லை. மூவாயிரம், நாலாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குக் காய்ச்சலோடு வரலாம், பெரும்பாலும் கெடுதல் இல்லாமல் தானே அடங்கிவிடும் என்றார். 'ஒன்று' காதில் விழுந்ததும் நம் திருப்பி கிளம்பிவிட்டார். மனைவிதான் நின்று மிச்சத்தையும் கேட்டுவிட்டு வந்தாள்.

அவள் வீட்டிலேயே சட்டை தைப்பவள். வந்ததும் சண்டை போடவில்லை. பொத்தான் டின்களை எடுத்துத் தரையில் கவிழ்த்து, மூவாயிரம் எண்ணித் தரச் சொன்னாள். எண்ணுவதென்றால் அவருக்கு விளையாட்டு. ஒரு சின்ன டம்ளருக்கு நூறு என்று கணக்கு வைத்து, முப்பது டம்ளர் கொட்டினார். அந்தக் குவியலில் ஒரு சிவப்புப் பொத்தானைப் போட்டுக் கலக்கினாள்.

"இது ஊசி. சிவப்பைத் தேடுங்க பார்ப்போம்."

தொழில் தெரிந்த விரல்களே தடுமாறின. அவள் பக்கத்தில் இருபதே பொத்தான்களை வைத்து, அதிலும் ஒரு சிவப்பை வைத்தாள்.

"இது ஊசி போடாம அம்மை வந்தா. இருபதுல ஒண்ணுக்கு நிமோனியா. ஆயிரத்துல ஒண்ணுக்கு மூளை வரைக்கும் போகுமாம். உயிர் போறதும் உண்டு. நீங்கதான் பாதியிலேயே ஓடிட்டீங்களே, எங்க கேட்டீங்க?"

"எனக்கு ரெண்டும் வேண்டாம்."

"உங்க ஃபேக்டரியில இந்த மூட்டை வேண்டாம்னா வேற மூட்டை வரும். இங்க ஊசியைத் திருப்பினா, அம்மைக்குக் கதவைத் திறந்து வைக்கிறோம்."

அம்மை வந்தால்தானே என்று அவர் முனகினார்.

"நாலு வீடு தள்ளி வந்தாச்சுங்க. அந்தப் பையன் மூச்சு இரைச்சு ஆஸ்பத்திரியில கிடக்கான். இன்னும் எத்தனை வீடு எண்ணணும்?"

திருப்பி இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை வருஷ வேலையில் வந்த சரக்கை மட்டுமே சோதித்திருக்கிறார்; ஒதுக்கினால் என்ன வரும் என்று சோதித்ததே இல்லை. எழுந்து மகளைத் தோளில் போட்டுக்கொண்டார். தடுப்பூசி அறையை மூட இருபது நிமிஷம்தான் இருந்தது. செருப்பு மாட்டக்கூட நிற்காமல் நடந்தவரின் பின்னால், அவர் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள் மனைவி.

ஊசி ஏறியது. குழந்தை அறையே அதிரக் கத்திவிட்டு, அரை மணி நேரத்தில் நர்ஸின் பேனாவைப் பிடுங்கியது. காய்ச்சல் வந்தால் ஒரு வாரம் கழித்து வரும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார்.

சொன்னபடி எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது. திருப்பி வேலைக்கு லீவு போட்டார். மணிக்கொரு தடவை தெர்மாமீட்டர், நர்ஸ் சொன்ன அளவில் மருந்து. அவர் முகம் வெளிறிப்போனது; ஆனால் 'அன்னைக்கே சொன்னேன்ல' என்று ஒரு வார்த்தை வரவில்லை. மறுநாள் மாலை உடம்பு குளிர்ந்தது. குழந்தை தவழ்ந்து வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டது. அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண் மட்டும் நனைந்திருந்தது.

அந்த மாதத்தில் தெருவில் இன்னும் மூன்று குழந்தைகள் அம்மையில் படுத்தன. இந்த வீட்டுக்குள் அது நுழையவில்லை.

அடுத்த ஊசி நாளில், தொழிற்சாலை நண்பர்கள் நாலு பேரைப் பிள்ளைகளோடு அவரே கூட்டி வந்தார். அதில் ஒருவர் வாசல் பக்கம் நைசாக நழுவப் பார்த்தார். தோளில் மகள் இரண்டு கையாலும் தலைமுடியைப் பிடித்திருக்க, திருப்பி வழியை அடைத்துக்கொண்டு நின்றார்.

"எங்க போறீங்க? நர்ஸம்மா சொல்றதை முழுசாக் கேட்டுட்டு அப்புறம் பயப்படுங்க."