மடித்து வந்த பெல்ட்

தஹ்மீனாவின் மாமனார் அப்துல் ஜலீலைப் போல ஒரு நல்ல மனிதரை முத்துப்பேட்டையில் வலை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. அதுதான் சிக்கலே. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு சண்டை போட்டுப் பார்த்திருக்கலாம்.

மகன் ஜாஃபர் சாதிக் துபாய்க்குப் புறப்படும்போது, "உங்கள நம்பித்தான் இவள விட்டுட்டுப் போறேன் அத்தா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். பெரியவர் அந்த வார்த்தையை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார். மருமகள் பி.எட். படிக்க வேண்டும் என்றாள். தாராளமாகப் படி என்றார். எட்டுக் கிலோமீட்டர் தள்ளியிருந்த கல்லூரிக்குக் காலையில் பஸ் கிடையாது. ஆட்டோ என்றதும், "ஒத்தையிலயா? ஜாஃபரு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்றார். சரியென்று சைக்கிளில் போனாள். மூன்றாம் நாளே புர்காவின் நுனி சங்கிலியில் சிக்கி, கடைத்தெருவில் குப்புற விழுந்தாள். தாடையில் நான்கு தையல். அவளைவிட அதிகம் அழுதவர் மாமனார்தான்.

சேதி கேட்டு ஜாஃபர் கார்கோவில் அனுப்பியதுதான் பெல்ட் சைக்கிள். சங்கிலி இருக்க வேண்டிய இடத்தில் பல் வைத்த கறுப்பு பெல்ட், உள்ளே கார்பன் இழை. எண்ணெய் போட வேண்டாம், கறை படியாது, துணியைக் கடிக்காது, சத்தமும் இல்லை. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. "இனிமே இதுல மட்டும் போம்மா. வேற எதுலயும் ஏற வேணாம்" என்று மாமனார் சொன்னபோது தஹ்மீனாவுக்கு அது சட்டமாகவே படவில்லை, சலுகையாகப் பட்டது. ஒன்றரை வருஷம் கோரையாற்றுக் கரையில் பறந்தாள்.

மார்ச் மாதம் ஒரு கம்பித் துண்டு ஏறி பெல்ட்டை அறுத்துவிட்டது. சைக்கிள் கடை பஞ்சநதம் இரண்டு கையையும் விரித்தார்.

"சங்கிலின்னா எந்த முக்குலயும் ஒரு கண்ணியப் போட்டுக் கோத்துடலாம்மா. இது முழு வளையம். இந்த அளவு தஞ்சாவூர்லயும் கெடைக்காது. அனுப்பினவருதான் திரும்ப அனுப்பணும்."

"பழைய சைக்கிளையே எடுத்துக்கறேன் மாமா" என்று வீட்டில் கேட்டுப் பார்த்தாள்.

"தையல் போட்ட எடத்தத் தடவிப் பாத்துட்டுச் சொல்லும்மா" என்றார் அவர். ஐந்து வாரம் வீட்டிலேயே கிடந்தாள். தோழிகள் போனில் அனுப்பிய பாடங்களைப் படித்தாள். வருகைப் பதிவு நூலிழையில் தொங்கியது.

செய்முறைத் தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பக்கத்துத் தெரு நௌஷாத் துபாயிலிருந்து பெல்ட்டோடு வந்து சேர்ந்தான். விமானத்தில் முப்பது கிலோவுக்கு மேல் ஒரு குண்டுமணி ஏற்ற முடியாது. பெல்ட் வந்த அகலமான டப்பா இடத்தை அடைக்கிறது என்று ஜாஃபர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெல்ட்டை நாலாக மடித்து, சணலால் இறுக்கிக் கட்டி நௌஷாதின் பெட்டி மூலையில் செருகியிருந்தான். டப்பா இருந்த இடத்தில் அத்தாவுக்கு ஒரு பால் பவுடர் டின். அன்று வீடு முழுக்க அந்தப் பாலில்தான் டீ.

பஞ்சநதம் பின்தண்டில் இருந்த போல்ட்டைக் கழற்றி, வளையம் நுழையச் சட்டத்தைப் பிரித்து பெல்ட்டை மாட்டினார். மாட்டியபின் மடிப்பு விழுந்த இடங்களைக் கட்டைவிரலால் தடவினார்.

"இது மடிக்கற சாமான் இல்ல போலருக்கேம்மா. உள்ள இழை ஒடிஞ்சிருந்தா வெளிய தெரியாது."

"நாளன்னிக்கி ஒரு நாள் தாங்குமாண்ணே?"

"மெதுவா மிதிச்சுப் பாருங்க."

வீட்டில் அவள் மூச்சு விடவில்லை. சொன்னால் அந்த ஒரு நாளும் போய்விடும்.

தேர்வன்று, கல்லூரியை ஒட்டிய பள்ளியில், எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தலைமையாசிரியை எழில்மொழி முன்பே சொல்லியிருந்தார்: நன்றாக நடத்தினால் ஜூன் மாதத்திலிருந்து அங்கேயே வேலை. தஹ்மீனா மடியில் முட்டை வைத்துக்கொண்டு போகிறவளைப் போல மிதித்தாள். ஐந்து கிலோமீட்டர் தாண்டிவிட்டது. மதகு மேட்டில் ஏற ஒரு அழுத்து அழுத்தினாள். பட்டென்று கால் வெறும் காற்றில் சுற்றியது. பெல்ட் சாலையில் செத்த பாம்பாய்க் கிடந்தது. தேர்வுக்கு இன்னும் கால் மணி நேரம்தான்.

வைக்கோல் வியாபாரி அரசப்பன் டி.வி.எஸ். வண்டியில் வந்தவர் நிறுத்தினார்.

"ஜலீல் பாய் வீட்டு மருமவதானே? பின்னால ஏறும்மா, கொண்டு விட்டுடறேன்."

ஏறினால் தேர்வு பிழைக்கும். சாயங்காலமே பேச்சு வீட்டுக்குப் போய்விடும், அப்புறம் ஜூன் மாத வேலையை மறந்துவிட வேண்டியதுதான். ஏறாவிட்டால் இரண்டு வருஷப் படிப்பு இந்த மதகோடு சரி. தஹ்மீனாவுக்கு அழுகை முட்டியது. புருஷன்மேல், அந்தப் பால் டின்மேல், மடிப்பைப் பார்த்தும் வாயைத் திறக்காத தன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்போதுதான் வண்டியின் பின்னால் சுற்றி வைத்திருந்த கயிற்றைப் பார்த்தாள்.

"நான் என் சைக்கிள்லயே வரேண்ணே. கயிறக் கட்டி இழுத்துட்டுப் போயிடுங்க."

அரசப்பன் தலையைச் சொறிந்தார். பிறகு கட்டினார். கயிற்றின் மறு நுனியை ஹேண்டில்பாரில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு தஹ்மீனா போனாள். உளுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, "கன்னுக்குட்டிய இழுத்துட்டுப் போறாருடி!" என்று சிரித்தார்கள். அவள் மானத்தை உருட்டித் தொண்டைக்குள் விழுங்கினாள்.

பாடம் நன்றாகவே நடத்தினாள். "ஜூன் ஒண்ணாம் தேதி வந்துருங்க தஹ்மீனா. அதுக்கு மேல எடத்தக் காலியா வச்சிருக்க முடியாது" என்றார் எழில்மொழி. எட்டுக் கிலோமீட்டரும் வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தாள்.

சேதி அவளுக்கு முன்பே வந்திருந்தது. வாசலில் மாமனார் நின்றிருந்தார்; அவள் சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டுத் திட்டு வாங்கத் தயாரானாள். அவரோ கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"கயித்தப் புடிச்சுக்கிட்டே போனியாமே! என் வார்த்தையக் காப்பாத்திட்டியேம்மா!"

தன் கையாலேயே டீ போட்டுக் கொடுத்தார். வேலை விஷயத்தைச் சொன்னாள்.

"அல்ஹம்துலில்லாஹ்! டீச்சர் வேல! தாராளமாப் போ. பெல்ட் வந்ததும் போ."

"பெல்ட் வேணாம் மாமா. ஆட்டோவுல போறேன். இல்ல, சங்கிலி சைக்கிள்ல..."

"இன்னிக்கி அவ்வளவு சோதனையிலயும் நீ வேற எதுலயும் ஏறலயே. அப்படிப்பட்ட புள்ளைய இனிமே நான் எப்படி ஆட்டோவுல அனுப்புவேன்?"

தஹ்மீனா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். மதகில் அந்த வண்டியில் ஏறியிருந்தால் ஒரு தடவை மீறியவளாகியிருப்பாள். ஒரு தடவை மீறியதை மறுபடியும் மீறலாம். காப்பாற்றிக் கொடுத்த வார்த்தை முன்னைவிடக் கெட்டியாகிவிட்டது. அதைக் கெட்டியாக்கியது கயிற்றைப் பிடித்த அவள் கைதான்.

ஜாஃபருக்கு எல்லாவற்றையும் குரல் செய்தியாகப் பேசி அனுப்பினாள். அந்தியில் மஃரிப் தொழுகை முடிந்து மாமனார் வந்து உட்கார்ந்தபோது பதில் வந்தது.

"கேட்டதும் கஷ்டமாப் போச்சு தஹ்மீனா. இனிமே யாருகிட்டயும் பெல்ட்டக் குடுத்துவிட மாட்டேன், கெட்டுப் போவுது. அடுத்த லீவுக்கு நானே கையோட பத்திரமாக் கொண்டாறேன்."

அவன் லீவு முடிந்து போய் நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"பாத்தியா, எம்புட்டு அக்கறை!" என்றார் அப்துல் ஜலீல், மனசு நிறைந்து. "ரெண்டு வருஷந்தானேம்மா! கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும்."