மைக்கு அக்கா

அக்காவின் காலில் காலுறை மாட்டிக்கொண்டிருந்தாள் தங்கை. இடது பாதம் வீங்கியிருந்ததால் ஏறவில்லை. இழுத்துப் பார்த்தவளுக்கு ஆத்திரமாக வந்தது. காலுறை பாவம், அதன்மேல் என்ன கோபம் என்று அவளுக்கே தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்த அக்காவை எல்லோரும் மைக்கு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். லோக்கல் ரயிலை நிறுத்தப்போகிறார்கள் என்று செய்தி வந்ததிலிருந்து, ஞாயிறு தவறாமல் ஸ்டேஷன் வாசலில் மைக் பிடித்தாள். தொண்டை கட்டினால் வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி பிடிப்பாள். "ரயிலை எடுத்துட்டா ஆஸ்பத்திரிக்கு எப்படிய்யா போறது?" என்று கேட்பாள். ரயிலை எடுத்துவிட்டுப் பஸ் விட்டார்கள்.

நேற்றுக் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பஸ்ஸில்தான் ஏறினாள். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றிருந்தார்கள். பாலத்துக்கு முன்னால் லாரிகளுக்கு நடுவே பஸ் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிடம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், தங்கையின் தோளில் அவள் தலை சாய்ந்தது.

வாசலில் கார் நின்றது. தொகுதி உறுப்பினர் மலர்வளையத்தோடு வந்தார். பின்னால் கேமராக்காரன்.

"ரயிலுக்காக உயிரையே குடுத்தவங்க. அவங்க போராட்டத்துல தோளோட தோளா நின்னவன் நான்" என்றார், கேமராவைப் பார்த்து.

தங்கை எழுந்து வந்தாள். "எந்த ஞாயித்துக்கிழமை நின்னீங்க?"

"என்னம்மா?"

"எங்கக்கா உங்க ஆபீசுக்கு வந்தப்ப, வேலவெட்டி இல்லாத பொம்பளைன்னு சிரிச்சீங்களே. அதுதான் தோளோட தோளா?"

"துக்கத்துல பேசுற. பரவால்லம்மா."

"துக்கமில்ல, வயித்தெரிச்சல். பூவ எடுத்துட்டுக் கெளம்புங்க."

உறுப்பினர் அக்காவின் புருஷனான அத்தானைப் பார்த்தார். சுவரோரம் நின்றிருந்த அத்தான் வாட்ச் ரிப்பேர்காரர். ஒரு கூட்டத்துக்குக்கூட எட்டிப்பார்க்காதவர். ஏனென்று கேட்டால், வீட்டுக்கு ஒருத்தர் கத்தினால் போதும் என்பார். இப்போதும் கல்லு மாதிரி நிக்கிறாரே மனுஷன் என்று தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதியம் சவ வண்டி புறப்பட்டது. முன்னால் டிரைவரோடு அத்தான், பின்னால் பெட்டியோடு தங்கை. ரயில்வே கேட் மூடியிருந்தது. எக்ஸ்பிரஸ் ஒன்று ஸ்டேஷனில் நிற்காமல் தடதடவென்று கடந்துபோனது. கேட் திறந்ததும் வண்டி தண்டவாளத்தில் ஏறியது.

"நிறுத்துப்பா" என்றார் அத்தான்.

"இங்கயா சார்? தண்டவாளம் சார்."

"தெரிஞ்சுதான் சொல்றேன். ஆஃப் பண்ணு."

இறங்கிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றார். பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. வாயைத் திறந்தார், மூடினார். பிறகு அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"லோக்கல் வண்டிய விடுற வரைக்கும் எம் பொண்டாட்டி இங்கருந்து நகர மாட்டா."

ஹாரன் சத்தம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

கேட் கீப்பர் ஓடி வந்தார். சண்டைக்குத் தயாராகத் தங்கையும் இறங்கினாள். அவர் கண்ணாடி வழியே பெட்டியைப் பார்த்தார். திரும்பிப்போய்ப் போனை எடுத்து, "ரெண்டு பக்கமும் சிவப்பு போடுங்க" என்றார். பிறகு தன் ஸ்டூலைத் தூக்கிவந்து, அத்தானுக்குப் பக்கத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே வைத்தார்.

அத்தான் உட்காரவில்லை. தங்கையும் உட்காரவில்லை. வெயிலில் ஸ்டூல் சூடேறிக்கொண்டிருந்தது.