அரிசிப் பானையில் இருந்த கிளட்ச் பிளேட்

கலியாணசுந்தரமும் வழியில் அகப்பட்ட இரண்டு பேரும் பிக்கப்பை மலாக்காவின் காஜா பேராங் வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். பட்டறை வாசலில் விட்டதும் அந்த இரண்டு பேரும் ஓடிவிட்டார்கள். வாரம் ஒருமுறை சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆள் பிடித்து ஏற்றிக்கொண்டு தம்பின் ரயில் நிலையத்துக்குப் போகும் வண்டி. அதன் பக்கத்தில் நிற்க யாருக்கும் விருப்பமில்லை.

பூங்காவனம் அதை எட்டு மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் பக்கத்தில் பார்க்கிறாள். அவள் புருஷன் பொன்னுதுரையின் வண்டி அது. ஜப்பான்காரர்கள் முதலில் வண்டியைப் பறித்தார்கள். பிறகு அதே வண்டியில் அவனைச் சயாமுக்கு ஏற்றினார்கள். ஆறு வருஷம் அவனோடு வண்டிக்கு அடியில் படுத்துக் கற்றதை வைத்து இப்போது அவள் பட்டறையை நடத்துகிறாள். அந்த வண்டியை ஓட்டும்படி அவன் தம்பி கலியாணசுந்தரத்துக்கு உத்தரவு.

"என்னடா ஆச்சு?"

"புக்கிட் கட்டில் ஏத்தத்துல இஞ்சின் கத்துது அண்ணி, வண்டி நகரல. நாலு மணிக்குள்ள ஓடலேன்னா நான் வேணும்னே கெடுத்தேன்னு ஆள் கணக்கு எழுதுற கிராணி சுப்பையன் ஜப்பான் ஆபீசர்கிட்ட எழுதிக் குடுத்துருவானாம். அப்புறம் என்னையும் சயாமுக்கு ஏத்திருவாங்க."

அவள் ஏறி உட்கார்ந்தாள். இஞ்சினைக் கிளப்பி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டாள். கிளட்ச் பிடித்திருந்தால் இஞ்சின் அந்த இடத்திலேயே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது.

"கிளட்ச் வழுக்குது. கியர்பாக்ஸைக் கீழ இறக்கு."

கியர்பாக்ஸை மூங்கிலில் கயிறு கட்டி இறக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. பிளேட்டை வெளியே எடுத்தபோது அது நனைந்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். தேங்காயெண்ணெய்.

"இதுல எண்ணெய் எப்படி வந்துச்சு?"

கலியாணசுந்தரம் தரையைப் பார்த்தான். "பெடலை மிதிச்சா கீச்சுன்னு சத்தம். ஆபீசருக்குப் பிடிக்கல. சத்தத்தை நிறுத்துடான்னு சுப்பையன் கத்தினான். கிளட்ச் மேல்மூடியைத் திறந்து அரைப் போத்தல் ஊத்தினேன்."

"எவன் சொன்னான் ஊத்தச் சொல்லி?"

"கதவு கீச்சுன்னா கீலுக்கு ஊத்துறோமே அண்ணி."

"வண்டிக்கு வயித்து வலின்னா விளக்கெண்ணெய் குடுத்திருப்பியா? உரசித்தாண்டா இது வண்டியை இழுக்குது. உரசுற இடத்துல கொண்டுபோய் எண்ணெய் ஊத்தியிருக்கியே!" ஸ்பேனரைத் தரையில் எறிந்தாள். "தலைக்கு வைக்க எண்ணெய் இல்ல ஊர்ல. இவனுக்கு ஆபீசர் காது நோகக்கூடாது."

அவன் ஸ்பேனரை எடுத்துத் துடைத்து அவள் பக்கத்தில் வைத்தான்.

அடுப்பில் வாட்டினால் பிளேட் காயும். ஆனால் ஏற்றத்தில் சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி கசியும். இரண்டு வருஷமாக மலாக்காவில் புதுப் பிளேட் கிடையாது. ஒன்றே ஒன்று இருந்தது. சண்டைக்கு முந்தின மாதம் பொன்னுதுரை இந்த வண்டிக்காகவே வாங்கியது. வீட்டைச் சோதனை போட்டவர்கள் காலி அரிசிப் பானைக்குள் கை விடவில்லை.

பொன்னுதுரை திரும்பி வந்ததும் அவனே மாட்டட்டும் என்று வைத்திருந்தாள். பானையிலிருந்து எடுத்துத் தாளைப் பிரித்தாள்.

"நான் செய்யலேன்னா நீ போவ. செஞ்சா வேற எவனோ போவான். எவனுக்காகடா நான் இந்த வேலை செய்யுறேன்?"

அவன் அடுப்பிலிருந்து சாம்பல் அள்ளிக்கொண்டு வந்தான்.

பிளேட் உரசும் ஃபிளைவீலையும் அழுத்தும் தட்டையும் சாம்பலால் தேய்த்துக் கழுவித் துடைத்தார்கள். கீச்சிட்ட பேரிங்குக்கு மட்டும் அவள் விரல் நுனியில் கிரீஸ் தொட்டு வைத்தாள். கியர்பாக்ஸ் மேலே ஏறியது. கடைசியாகப் பெடல் கம்பி. மிதிக்கும்போது முதலில் ஒரு விரல் அளவு சும்மா இறங்க வேண்டும். அவள் ஒரு தாள் அளவுதான் விட்டு நட்டை இறுக்கினாள்.

"ஒரு விரல் விடணும்னு அண்ணன் சொல்வாரே அண்ணி."

"எனக்குத் தெரியும். வாயை மூடு."

நாலு மணிக்குச் சுப்பையன் வெள்ளைக் கால்சட்டையில் வந்தான். பின்னால் ஒரு சிப்பாய். அவர்களுக்கு முன்னால் சயாமுக்குப் பிடித்த பதினோரு பேர், கையில் துணி மூட்டையோடு. பூங்காவனம் அதே சோதனையைச் செய்து காட்டினாள். இஞ்சின் ஒரு குலுக்கலோடு செத்து நின்றது.

"கெட்டிக்காரிதான் நீ, தங்கச்சி," என்றான் சுப்பையன். கையிலிருந்த ஆள் கணக்குத் தாளைப் பார்த்தான். "டேய் கலியாணம், பின்னால ஏறு. பன்னிரண்டு பேர் வேணும், ஒரு ஆள் குறையுது. வண்டியை நானே ஓட்டிக்கிறேன்."

"வண்டி ஓடினா அவனை விட்டுர்றேன்னு சொன்னீங்களாமே," என்றாள் பூங்காவனம்.

"எழுதிக் குடுக்க மாட்டேன்னுதான் சொன்னேன். எழுதலியே."

அவள் கலியாணசுந்தரத்தைப் பார்க்கவில்லை.

"சரி, ஓட்டுங்க," என்றாள். "புதுப் பிளேட் தேயத் தேயப் பெடல் இறுகும். செங் ஊர் தாண்டினதும் அடியில படுத்துக் கம்பியைத் தளர்த்தணும். இல்லேன்னா அலோர் காஜா ஏத்தத்துல மறுபடி வழுக்கி, பிளேட் கருகிரும். வேற பிளேட் இந்த ஊர்லயே கிடையாது."

"இப்பவே தளர்த்து."

"தேயுறதுக்கு முன்னால எவ்வளவுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கால்ல மிதிச்சுப் பார்த்துத்தான் வைக்கணும். அது அவனுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும்னா படுங்க. கால்சட்டை அழுக்காகும். தம்பின்ல ரயில் போயிட்டா ஆபீசர் கேட்கப்போறது உங்களைத்தான், என்னை இல்ல."

சுப்பையன் அவளையே பார்த்தான். பிறகு வண்டிக்கு அடியில் பார்த்தான். பொய்யா மெய்யா என்று அவனால் சொல்ல முடியவில்லை. அவனுக்குப் பெடல் தெரியாது, தாள்தான் தெரியும்.

"நீயே ஓட்டித் தொலை," என்றான் கலியாணசுந்தரத்திடம்.

அவள் ஸ்பேனரைக் கலியாணசுந்தரத்தின் கையில் அழுத்தி வைத்துக் குரலைத் தாழ்த்தினாள். "செங் தாண்டி. நான் விடாத அந்த ஒரு விரல். திரும்பி வரும்போது இதை என் கையில குடுக்கணும்."

பதினோரு பேரும் ஏறினார்கள். சிப்பாய் அவர்களோடு ஏறினான். சுப்பையன் முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினான். "குறையுற ஆள் வழியில கிடைப்பான்," என்றான் யாரிடமோ.

பாரத்தோடு வண்டி துளிகூட வழுக்காமல் நகர்ந்தது. அவள் கைவேலை. பூங்காவனம் எண்ணெயில் ஊறிய பழைய பிளேட்டை எடுத்துச் சுவரில் ஓங்கி அடித்தாள். அது உடையவில்லை. மறுபடி அடித்தாள்.