தம்மபாலன் போட்ட ஓட்டு

வேட்டியில் கிழித்த துணியால் புருஷனின் தாடையை மறுபடியும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் கண்மணி. முடிச்சு நழுவி நழுவிப் போயிற்று. அந்த நேரம் பார்த்து வாசலில் கிளாரன்ஸின் குரல் கேட்டது.

"யோவ் தம்மு! பலே ஆளுய்யா நீ! மூச்சு வுட முடியாம படுத்துனு இருந்த ஆளு, காலங்காத்தால வந்து ஓட்டப் போட்டுட்டுப் போயிட்டியாமே! நான் பூத்த வுட்டு டீ குடிக்கப் போன நேரத்துல வந்தியா?"

கிளாரன்ஸுக்கு மெல்லப் பேச வராது. இருபது வருஷம் சுரங்கத்தில் டிரில் மெஷின் பிடித்து மந்தமாகிப்போன காது. சிரித்துக்கொண்டே குனிந்து உள்ளே வந்தவர் தரையில் கிடந்த தம்மபாலனைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோயிற்று. கையிலிருந்த வாக்காளர் பட்டியலை எங்கே வைப்பதென்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"எப்போம்மா?"

"மைன்ல ஆறு மணி சங்கு ஊதச்சொல்ல," என்றாள் பக்கத்து வீட்டு பியாட்ரிஸ்.

"பூத்து தொறந்ததே எட்டு மணிக்கு." கிளாரன்ஸ் கக்கத்திலிருந்த பட்டியலை எடுத்துத் தம்மபாலனின் பேரைத் தேடினார்.

கண்மணி முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். சங்கு ஊதி ஓய்வதற்குள் கிளாரன்ஸுக்குச் சொல்லச் சொல்லி மச்சினன் சித்தார்த்தனை அனுப்பியிருந்தாளே! சொல்லிட்டேன் அண்ணி என்று எட்டு மணிக்கு மேல் வந்தானே!

அப்படி அனுப்பச் சொன்னதே தம்மபாலன்தான். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துத் தொழிலாளர் லைன் வீடுகளில் ஆம்பிளைகள் சீக்கிரம் போய்விடுவார்கள். பாறை சரிந்து சிலர், நெஞ்சில் தூசி சேர்ந்து பலர். ஆள் போனாலும் பட்டியலில் பேர் போகாது. எலெக்‌ஷன் வந்தால் செத்தவனெல்லாம் வரிசையில் வந்து யார் யாருக்கோ ஓட்டுப் போட்டுவிட்டுப் போவான். இதை நிறுத்துகிறேன் பேர்வழி என்று தம்மபாலனும் கிளாரன்ஸும் இன்னும் நாலு பேரும் வாக்காளர் குழு என்று ஒன்றை வைத்துக்கொண்டு, ஆறு வருஷமாகப் பட்டியலும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். "இந்தப் பேரு இருக்காரா, போயிட்டாரா?" சாணித்தண்ணியை மேலே ஊற்றின பெண்பிள்ளைகள் உண்டு. எழவு விசாரிக்கிறவன் என்றே தம்மபாலனுக்குப் பேராகிவிட்டது.

"நெஞ்சுல தூசிய வெச்சினு உனக்கு இன்னாத்துக்குய்யா இந்த வேல?" என்று கண்மணி சண்டை போடாத நாளில்லை.

"செத்தவன நிம்மதியா வுடணும் கண்ணு. எழுப்பினு வந்து ஓட்டுப் போட வெக்கிறது பாவம் இல்லியா?" என்பான்.

இன்று விடியும்போதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கவலையைத்தான் சொன்னான். "நான் போயிட்டா மொதல்ல கிளாரன்ஸுக்குச் சொல்லி அனுப்பு. என் பேரும் பட்டியல்ல கீது. அப்புறமா அழுவலாம்."

"சித்தார்த்தா!"

கொல்லையில் பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தவன் வந்து நின்றான். இடது கையைத் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தான். அவள் எழுந்து துண்டை இழுத்தாள். ஆள்காட்டி விரலில் மை கறுப்பாகத் தெரிந்தது.

"நீயாடா?"

"சொல்லத்தான் போனேன் அண்ணி." விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான். "நாற்காலியோட தூக்கினு போயி ஓட்டுப் போட வெக்கிறேன்னு சொல்லியிருந்தேன். பூத்து சீட்டக்கூட நேத்தே என்கிட்ட குடுத்துட்டாரு. அது பாக்கெட்ல கெடந்து உறுத்திச்சு. ஊருக்கெல்லாம் அலைஞ்ச மனுசன், தனக்கு ஒரு ஓட்டு இல்லாம போவணுமா? உள்ள குந்தினு இருந்த ஏஜெண்டுங்க ஆண்டர்சன்பேட்டை ஆளுங்க. என் மூஞ்சி தெரியாது. என் ஓட்ட நான் போடலண்ணி. இனிமே போடவும் முடியாது. என்னுத அவருக்குக் குடுத்துட்டேன். ஒரு ஆளு, ஒரு ஓட்டுதானே?"

கிளாரன்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"செத்தவன் பேர்ல ஓட்டு வுழுந்தா நாங்க புகார் எழுதியே ஆவணும், தங்கச்சி. இதுவரைக்கும் ஒண்ணையும் வுட்டதில்ல. எழுதினா போலீஸு வரும். மைன்ல இவன் வேல போயிடும்." பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார். "லைன்ல யாரு செத்தாலும் சாவுச் சீட்டு எழுதறது நான்தான். ஒம்போது மணின்னு போட்டா..."

"போடுங்கண்ணா," என்றாள் பியாட்ரிஸ் சட்டென்று. "லைன்ல ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

கண்மணி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். பாவி மனுசா, இப்படி ஒரு வம்பை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாயே என்று ஆத்திரமாக வந்தது. இரண்டு பெண்குழந்தைகள். அவனை நெஞ்சு நோயென்று வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து இந்த வீட்டில் வேகிற அரிசி சித்தார்த்தன் ஷிப்டு போய்ச் சம்பாதித்தது. அவள் கல்யாணமாகி வந்தபோது அவனுக்கு நாலு வயசு. குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்த பிள்ளை. ஒன்பது என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள்.

கட்டின துணிக்குள் தம்மபாலன் வாயை மூடிக்கொண்டு கிடந்தான். அந்த ஓட்டைத் தான் போடவில்லையென்று இனி அவனால் யாரிடமும் சொல்ல முடியாது.

"ஆறு மணி," என்றாள்.

கிளாரன்ஸ் பேனாவைத் திறக்கவில்லை. "நல்லா யோசிச்சிட்டியாம்மா?"

"ஆறுன்னே எழுதுங்கண்ணா. புகாரும் எழுதுங்க."

பியாட்ரிஸ் வாயில் அடித்துக்கொண்டாள். சித்தார்த்தன் அண்ணியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கிளாரன்ஸ் பக்கம் திரும்பி, "அண்ணன அடக்கம் பண்ற வரைக்கும் டைம் குடுப்பீங்களா? நானே வந்துடறேன்," என்றான். அவர் சரியென்று தலையை ஆட்டினார்.

"பியாட்ரிஸு, உன் வீட்ல சோறு ஆக்கிட்டியா?"

"ஆக்கிட்டேன். ஏன்?"

"இவனுக்கு ஒரு தட்டுல போட்டு எடுத்துனு வா."

"பொணம் எடுக்கறதுக்கு முன்னாலயா? இன்னாடி பேசற?"

"ராத்திரிக்கு ஸ்டேஷன்ல யாரு போடுவாங்க? எடுத்துனு வா."

தட்டு வந்தது. சித்தார்த்தன் வேண்டாமென்று தலையாட்டினான். கண்மணி அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். குனிந்த தலை நிமிராமல் அவன் சாப்பிட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.