மீனம்மாவின் தம்பிக்கு ஒரு சிறுநீரகம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மிரட்டலோடு கிடைத்தது. என் தோழி, சிறுநீரகம் கருவில் எப்படி உருவாகிறது என்று ஆராய்கிறவள். நாள் முழுக்க மீன்குஞ்சுகளோடு கிடப்பதால் ஆய்வகத்தில் அவளுக்குப் பெயரே மீனம்மாதான். "எழுதிக்கோ. ஆனா அழுகாச்சியா எழுதினே, அப்புறம் உன்கூடப் பேச மாட்டேன்" என்றாள்.

ஆகவே, 'மங்கிய வெளிச்சத்தில் அவள் விழியோரம்...' என்ற முதல் வரியை அடித்துவிட்டேன்.

2

மீனம்மாவுக்கு ஒரே தம்பி, பஸ் டிரைவர். அவன் சிறுநீரகங்கள் கருவிலேயே சரியாக வளரவில்லை. கல்யாணமான மறுவருஷம் இரண்டும் கைவிரித்துவிட்டன. தன்னுடையதில் ஒன்றைத் தருவதென்று அக்கா முடிவெடுத்தாள்.

"வேணாம்க்கா."

"வாயை மூடுடா."

பேச்சு முடிந்தது.

[இங்கே மீனைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. சாரம் இவ்வளவுதான்: குஞ்சின் உடம்பு கண்ணாடி மாதிரி. உள்ளே சிறுநீரகக் குழாய் உருவாவதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். ஒரு மரபணு பிசகினால் குழாய் வீங்கிவிடும். தம்பிக்கும் அதே பிசகு.]

3

"அக்காவுக்கும் அது இருக்கான்னு பாக்காம நான் கத்தியைத் தொட மாட்டேன்" என்றார் மருத்துவர். பார்த்தார்கள். இருந்தது. இப்போதைக்குத் தொந்தரவில்லை, ஆனால் தானம் கூடாது.

'இத்தனை வருஷமா மீன்ல என்னையேதான் பாத்திருக்கேன்' என்று மீனம்மா சொன்னதாக எழுதினேன். அது என் சரக்கு. அவள் சொன்னது "சே!" மட்டும்தான்.

சாயங்காலம் தம்பி மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அண்ணி, என்னோடது பொருந்துமான்னு யாராவது கேட்டீங்களா?"

யாருக்குமே தோன்றவில்லை. பொருந்தியது.

தம்பிக்குத்தான் திக்கென்றது. "அக்கா, ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாளே!"

"கண்டிப்பா" என்றாள் மனைவி.

4

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. புதுச் சிறுநீரகம் வேலை செய்யுமா என்று மீனம்மா தம்பியின் கட்டிலில் தொங்கிய, சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையையே வெறித்துக்கொண்டிருந்தாள். பை நிறைய ஆரம்பித்ததும் நர்ஸைக் கட்டிப்பிடித்துக் கத்தினாளாம்.

முடிவாக, அவள் நோய்க்கே மருந்து கண்டுபிடிப்பதாக எழுதிக் காட்டினேன். "புளுகாதே. இன்னும் குழாய் ஏன் வீங்குதுன்னே முழுசாப் புரியலை" என்று கிழித்துப்போட்டாள்.

சரி, சற்றுமுன் என் வீட்டு வாசலில் நடந்ததையே சொல்கிறேன். தம்பி மறுபடி பஸ் ஓட்டப் போகணும் என்றான்.

"என் கிட்னியை ஏத்திக்கிட்டு ஊர் சுத்தக் கூடாது" என்றாள் மனைவி.

"இப்ப அது என்னோடது!"

"அண்ணி, நீங்களே சொல்லுங்க."

"அது எப்படி உருவாச்சுன்னு கேளு, சொல்றேன். யாருக்குச் சொந்தம்னு என் ஆராய்ச்சியில வராது" என்று மீனம்மா என் பக்கம் கையைக் காட்டினாள்.

நானா? ஒரே நேரத்தில் இரண்டு பேரிடம் திட்டு வாங்க எனக்குத் தெம்பில்லை. இவ்வளவு தூரம் கேட்டுவிட்டீர்கள், தீர்ப்பை நீங்களே சொல்லிவிடுங்கள். மூன்று பேரும் இன்னும் வாசலில்தான் நிற்கிறார்கள்.