எலிகள் கொடுத்த புகார்

அண்ணன் வருகிறார் என்றால் தங்கை தன் ஆராய்ச்சிக்கூடத்து எலி அறையைப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வாள். பார்த்த பொருளுக்கெல்லாம் விலை கேட்கிற வாய் அவருக்கு. போன முறை, "இந்த வெள்ளை எலிங்களை மொத்தமா எடுத்தா எவ்வளவுக்குத் தருவாங்க?" என்று கேட்டு, கூண்டு கழுவுகிறவரைத் திகைக்க வைத்துவிட்டுப் போனவர்.

ஊட்டச்சத்துத் தூள் விற்பது அவர் தொழில். கடையில் நன்றாக ஓடுவது ஆன்டி ஆக்சிடன்ட் தூள். "இரும்புக்குத் துருப் பிடிக்குதில்ல, அதே மாதிரி உடம்புக்குள்ளயும் பிடிக்கும் சார். இது அதை வழிச்சு எடுத்துடும்" என்பார். கேட்டவர் தன் வயிற்றை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு இரண்டு டப்பாவாக வாங்கிப் போவார். அண்ணனும் தினம் காலையில் ஒரு கரண்டி கரைத்துக் குடித்துவந்தார். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. மனைவி எல்லாப் பரிசோதனையும் முடித்தாயிற்று. அவளிடம் குறை ஏதும் இல்லை. "அடுத்தது நீங்கதான்" என்று டாக்டர் சொன்னதிலிருந்து, அவர் கடையில் சரக்கு வந்து இறங்காத நாளே இல்லை.

தங்கையின் ஆராய்ச்சியும் அந்தத் துருவைப் பற்றியதுதான். ஆண் எலியைச் சூட்டறையில் வைத்தால் உடம்பில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் ஏறும், விந்தணு குறையும். தூள் கொடுத்தால் மறுபடி தேறுமா என்பது கேள்வி. ஒரு கூட்டம் குளிர்ந்த அறையில், ஒரு கூட்டம் சூட்டறையில், மூன்றாவது கூட்டம் அதே சூட்டறையில் தூளோடு. நிறுவனம் கேட்டு எழுதிய தூள் வருகிற வழியாக இல்லை. அண்ணன் முந்திக்கொண்டார்.

"நான் தர்றேன், இனாமா. எலி தேறிடுச்சுன்னா டப்பா மேல ஒரு எலிப் படம் போட்டுக்கறேன், அவ்வளவுதான்."

"படமெல்லாம் கிடையாது அண்ணா."

"சின்னதா. வால் மட்டும்."

இன்றைக்கு முடிவு கேட்க வந்திருந்தார். தங்கை அவரை நுண்ணோக்கிக்குப் பக்கத்து முக்காலியில் உட்காரவைத்தாள்.

"தூள் சாப்பிட்டதும் சாப்பிடாததும் ஒரே லட்சணம். சூட்டறையில இருந்த ரெண்டு கூட்டமும் சுருண்டு கிடக்கு."

"எலிக்கு என்ன தெரியும்? மனுஷன் வருஷக்கணக்கா வாங்கறான். ஒருத்தன் வந்து புகார் சொன்னதில்ல."

"மனுஷன் காசு குடுத்து வாங்கறான், அதனால தேறிட்டதா நினைச்சுக்கறான். எலிக்கு இனாம்தானே."

"அளவைக் குறைச்சுப் போட்டிருப்பே."

"கூட்டியும் போட்டாச்சு. சந்தேகம் வந்து தூளையே பக்கத்து லேப்ல குடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவ்வளவும் கிழங்கு மாவு."

அவர் துள்ளி எழுந்தார். "இருக்கவே முடியாது! கடைச் சரக்கைச் சொன்னாக்கூட ஒரு நியாயம் இருக்கு. உனக்குக் குடுத்தது நான் உக்கார்ற சீட்டுக்கு அடியில இருக்கிற..."

நிறுத்திக்கொண்டார். வாய் ஏற்கெனவே கடையைத் தாண்டி வெளியே போயிருந்தது.

தங்கை கையைக் கட்டிக்கொண்டாள். "சொல்லு, கேட்கறேன்."

"கலப்படம்னு சொல்லாதே. தாராளமா இருக்கட்டுமேன்னு கொஞ்சம் மாவு சேர்க்கறதுதான். பாதிக்குப் பாதி. ஆனா சீட்டுக்கு அடியில இருக்கிறது மொத்த வியாபாரி குடுத்த சீல் டப்பா. அதுல நான் கை வைக்கறதில்ல. எனக்கும் உன் எலிக்கும் மட்டும்தான் அது. கூடப் பிறந்தவளை ஏமாத்துவேனா?"

"அப்ப மொத்த வியாபாரியும் தாராளமானவர்தான். நீ இத்தனை நாளும் மாவுல மாவைக் கலந்திருக்கே அண்ணா. ஒரு வகையில பார்த்தா உன் சரக்கு சுத்தமானது."

அவர் போனை எடுத்தார். "ஏன்யா, நம்பி வாங்கறவன் தலையில இப்படிக் கை வைக்கலாமா? மனசாட்சி வேணாமா?"

"யாரு சொன்னது?" என்றது மறுமுனை, நிதானமாக.

"எலி சொல்லுச்சு!"

"எலி பேச்சைக் கேட்டு வியாபாரம் பண்ணாதீங்க முதலாளி" என்று போன் வைக்கப்பட்டது.

அவர் முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார். கோபம் இறங்கியதும் கணக்கு உறைத்தது. "அப்ப நான் தினம் குடிச்சது?"

"மாவு."

"ஒண்ணும் சேரலையா உடம்புல?"

"தொப்பை சேர்ந்திருக்கும். உன் சீட்டு எங்க இருக்கு? மேல தகரம், முதுகுக்குப் பின்னாடி பிரிட்ஜ் சூடா ஊதுது. என் சூட்டறையே தேவலை."

"அங்க உக்கார்ந்தாதான் கல்லாவும் வாசலும் ஒண்ணாத் தெரியும்."

"அதுதான் காரணமான்னு எனக்குத் தெரியாது. எலியை நான் பார்த்துட்டேன், உன்னை யாரு பார்த்தா? ஒரு எலிகூட சரக்கு வந்து இறங்குதுன்னு சாக்கு சொல்லல."

அவர் நுண்ணோக்கியின் திருகை ஒரு சுற்று சுற்றினார். அடுத்து வந்தது விலை பேசுகிற குரல் இல்லை. "போய்ப் பார்த்து, ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிட்டா? தூள் குடிச்சிட்டிருக்கற வரைக்கும் ஏதோ நடக்கப்போகுதுன்னு இருந்துச்சு."

"அண்ணிக்கும் அந்தப் பயம் இருந்திருக்கும். அவங்க போனாங்களே."

அதற்கு மேல் அவர் பேரம் பேசவில்லை.

அந்த வாரமே தூள் டப்பாக்கள் அலமாரியை விட்டு இறங்கின. நாற்காலி வாசல் பக்கம் காற்றுக்கு வந்தது. பரிசோதனை நிலையத்துக்குப் போகிற வழியில் மனைவியிடம் மாவு விஷயத்தை மென்று விழுங்கிச் சொல்லிமுடித்தார். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

முடிவு வாங்கப் போன அன்று கவுன்ட்டரில் இருந்த பெண், "குறைவாத்தான் இருக்கு சார், ஆனா இல்லாம இல்ல. டாக்டர் பேசுவாரு, சரி பண்ணப் பார்க்கலாம்" என்றாள்.

'இல்லாம இல்ல' என்ற இடத்திலேயே அவருக்கு மூச்சு வந்துவிட்டது. மூச்சோடு பழைய குணமும் வந்தது. கவுன்ட்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். "எவ்வளவும்மா போட்டிருக்கீங்க?"

"ஒரு மில்லிக்கு ஒரு கோடியே இருபது லட்சம்."

"கோடியா! கோடி இருந்தும் குறைவுன்னு சொல்ற கடையை இப்பதான் பார்க்கறேன். ஒன்றரையா ரவுண்டாப் போட்டுக் குடுங்கம்மா, உங்களுக்கும் எழுதச் சுலபம்."

மாவு விஷயம் கேட்டதிலிருந்து முகம் கொடுக்காமலே கூட வந்த மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

"போதுங்க. இதுலயும் மாவு கலக்காதீங்க."